அத்தியாயம் 7: ஊர்க்காசில் எல்லாப் பிள்ளைகளுக்குமான விளையாட்டுத் திடல்

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிள்ளைகள் விளையாடாத இடம் இல்லை. கோயில் வீதி, பாடசாலை மைதானம், கடற்கரை மணல், அறுவடை முடிந்த வயல் என்று எங்கும் விளையாட்டு நடக்கிறது. ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு மணலில் சக்கரம் புதைகிறது. கண் தெரியாத பிள்ளைக்கு ஊஞ்சல் எந்தப் பக்கத்தால் வந்து மோதும் என்று தெரியாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தம் கூடும்போது ஒதுங்கி இருக்க ஒரு மூலை கிடையாது. தாய் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறாள். அந்தத் தாய்க்கும், அவளோடு நிற்க விரும்பும் ஊருக்குமாக இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

இதில் சொல்லப்படும் வழிமுறைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. பெரிய பணம் எங்கிருந்தும் வரலாம். முதற் காசு ஊரிலிருந்து, பல கைகளிலிருந்து வரவேண்டும். வெளிப்பணத்தில் கட்டித் திறந்து, பிறகு ஒருவரும் பொறுப்பேற்காமல் துருப்பிடித்துப்போன பொருள்களை இக்கரை மக்கள் போதிய அளவு பார்த்துவிட்டார்கள். நூறு ரூபா கொடுத்தவர் ஊஞ்சல் சங்கிலி தேய்ந்தால் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விதான் திடலின் காவல்.

1. கேட்பது உரிமை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நிதி கேட்டுப் போகும் ஒவ்வொருவரும் மூன்று ஆவணங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்துக்கும் இடத்துக்கும் ஒருவர் போவதை அவருடைய இயலாமையைக் காரணங்காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது அது. இரண்டாவது, அச்சட்டத்தின் கீழ் 2006 இல் வந்த அணுகல் வசதி ஒழுங்குவிதிகள். மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம். இலங்கை இதில் 2007 இல் கையெழுத்திட்டு 2016 இல் ஏற்புறுதி செய்தது. இதன் 30 ஆம் உறுப்புரை, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளோடு சமமாகச் சேரும் உரிமை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உண்டு என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

இவை ஏட்டில் கிடந்துவிடாமல் பார்த்தவர்களில் கலாநிதி அஜித் பெரேரா முக்கியமானவர். கிரிக்கெட் நடுவராக இருந்த அவர், 1992 இல் ஓடும் காரின்மீது மரம் விழுந்ததில் சக்கர நாற்காலிக்கு வந்தார். புதிய பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி கட்டாயம் என்ற உயர் நீதிமன்றக் கட்டளையை 2011 ஏப்ரலில் பெற்றார். பிரதேச சபையில் பேசும்போது இந்தக் கட்டளையை நினைவூட்டுங்கள். நீங்கள் தயவு கேட்டு வரவில்லை, நாட்டின் சட்டம் சொன்னதைச் செய்ய உதவி கேட்டு வந்திருக்கிறீர்கள் என்பது அப்போது விளங்கும்.

2. முதலில் வீடுகளுக்குப் போங்கள்

“எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லையே” என்ற பதில் கட்டாயம் வரும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோர் ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமத்தோடு வாழ்ந்தார்கள். பிள்ளைகள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். வெளியே கொண்டுவர வசதியில்லாமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள்.

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், பாடசாலையின் விசேட கல்விப் பிரிவு ஆசிரியர் ஆகியோரிடம் விவரம் கேளுங்கள். கண்பார்வையற்ற பிள்ளைகளுக்கான தரிசனம் பாடசாலை, காது கேளாதோருக்கான வை.எம்.சி.ஏ. பாடசாலை, சத்துருக்கொண்டானில் உள்ள ஓசானம் இல்லம் போன்ற இடங்களில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• பிள்ளைக்கு எது பிடிக்கும்? தண்ணீரா, மணலா, ஆடுவதா, சத்தமா?
• எது பயம்?
• வீட்டிலிருந்து எப்படி வருவீர்கள்? ஆட்டோவா, பஸ்ஸா, தூக்கிக்கொண்டா?
• எவ்வளவு நேரம் இருப்பீர்கள்? மலசலகூடம், உடை மாற்றும் இடம் தேவையா?
• உங்களுக்கு அமர நிழல் எங்கே வேண்டும்?

பிள்ளை தானே சொல்லக்கூடிய வயதென்றால் அதன் வாயாலேயே கேளுங்கள். பெங்களூரில் கிளிகிளி அறக்கட்டளை இப்படித்தான் தொடங்கியது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் கவிதா கிருஷ்ணமூர்த்தியின் தலைமையில் கூடி, மாநகராட்சியோடு சேர்ந்து, ஏற்கெனவே இருந்த பூங்காக்களையே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏற்றவையாக மாற்றினார்கள். புதுக் காணி கிடைக்காத ஊருக்கு இது நல்ல வழி. இருக்கும் பூங்காவுக்குள் ஒரு பாதையும் இரண்டு ஊஞ்சலும் சேர்ப்பது, வெறுங்காணியில் தொடங்குவதைவிட விரைவாக முடியும்.

3. காணி கடதாசியில் வரும்வரை காசு சேர்க்காதீர்கள்

காணி உறுதியாகாமல் பணம் திரட்டினால் சந்தேகம் முளைக்கும். ஒருமுறை முளைத்த சந்தேகம் அடுத்த நல்ல காரியத்தையும் கெடுக்கும். மாநகர சபை அல்லது பிரதேச சபையின் பூங்காக் காணியே பாதுகாப்பானது. சபைத் தீர்மானம் ஒன்றையும், யார் கட்டுவது, யார் பராமரிப்பது என்று எழுதிய உடன்படிக்கை ஒன்றையும் பெறுங்கள். பாடசாலைக் காணியில் அமைத்தால் விடுமுறையிலும் பின்னேரத்திலும் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே வரலாம் என்று எழுத்தில் இருக்கவேண்டும்.

வாவி ஓரத்தில் இடம் பார்ப்பவர்கள் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அனுமதி. கடலோரத்திலிருந்து 300 மீற்றரும், கடலோடு இணைந்த வாவிகளில் முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீற்றரும் கரையோர வலயத்துக்குள் வரும். கரையோரம் பேணல் திணைக்களத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டு, வெள்ளம். 2011 ஜனவரி வெள்ளம் எங்கே ஏறி நின்றது என்று அயலில் உள்ள வயதானவர்களிடம் கேட்டு, அந்த மட்டத்துக்கு மேலே உள்ள நிலத்தைத் தெரிவுசெய்யுங்கள். மூன்று, தண்ணீர். வாவியில் முதலை உண்டு. தண்ணீரைக் கண்டதும் ஓடும் பிள்ளைகளும் உண்டு. வாவிப் பக்கம் முழுவதும் வேலி இல்லாத காணி எவ்வளவு அழகானதென்றாலும் வேண்டாம்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை சக்கர நாற்காலி உருண்டு வர முடியுமா என்றும் பாருங்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை மக்கள் கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வருவது எளிதாகிவிட்டது. இரு கரைப் பிள்ளைகளும் வரக்கூடிய இடமானால் நிதியும் இரு கரையிலிருந்தும் வரும்.

4. எதற்கு எவ்வளவு

மதிப்பீட்டைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவரிடம் போகுமுன் உங்கள் கையில் இந்த அளவுகள் இருக்கட்டும்:

• சாய்தளம்: ஓர் அடி உயர்வுக்குக் குறைந்தது 12 அடி நீளம். இரு பக்கமும் கைபிடி.
• வாயில்: குறைந்தது 900 மில்லிமீற்றர் அகலம்.
• பாதை: இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1,800 மில்லிமீற்றர். திரும்பும் இடத்தில் 1,500 மில்லிமீற்றர் விட்டம்.
• மணல் மேசை: நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் கீழே நுழையும் உயரம்.
• ஊஞ்சல்: முதுகு சாயவும் பட்டி கட்டவும் வசதியுள்ள இருக்கை ஒன்றாவது. ஊஞ்சல் ஆடும் எல்லை காலுக்கும் கைத்தடிக்கும் தெரியும்படி தரையின் தன்மை மாறவேண்டும்.
• சுற்றும் தட்டு: தரையோடு தரையாகப் பதித்தது, நாற்காலியோடு ஏறலாம்.
• அமைதி மூலை: மரநிழலில், சத்தத்திலிருந்து விலகி, தாயின் கண்ணுக்குத் தெரியும்படி.

செலவில் கூடுதலாக விழுங்குவது தரையும் பாதையும்தான்; கண்ணைக் கவரும் கருவிகள் அடுத்தபடியே. கருவிகளை முதலில் வாங்கிவிட்டுத் தரைக்குப் பணமில்லாமல் நிற்பதைத் தவிர்க்க, நூறு ரூபாவில் 40 ரூபா தரைக்கும் பாதைக்கும், 25 கருவிகளுக்கு, 20 வேலி, நிழல், மலசலகூடத்துக்கு, 15 பராமரிப்புக்கு என்று பிரித்துத் தொடங்குங்கள். மதிப்பீடு வந்ததும் திருத்திக்கொள்ளலாம். பராமரிப்புக்குரிய 15 ரூபாவை மட்டும் தொடாதீர்கள்.

உப்புக்காற்றும் வெயிலும் பொருளைத் தின்னும். சாதாரண இரும்புக்கு வர்ணம் பூசி நம்ப வேண்டாம். நாகம் பூசிய இரும்பு அல்லது துருப்பிடிக்காத உருக்கு கேளுங்கள். உச்சி வெயிலில் தகரச் சறுக்கி பிள்ளையைச் சுடும். சூடு உணராத கால்களுள்ள பிள்ளைக்கு அது புண்ணாகும். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் நீண்டகாலம் போராடிப் பெற்ற மரப்பாதை 2022 நவம்பர் 27 இல் திறக்கப்பட்டது. 263 மீற்றர் நீளம், 1.14 கோடி இந்திய ரூபா செலவு. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட மட்டக்களப்பு இதிலிருந்து பாடம் எடுக்க வேண்டும்: கழற்றி எடுக்கக்கூடியதைக் கழற்றும்படி அமையுங்கள், நிலையானதை ஆழப் பதியுங்கள்.

குறைந்த செலவுக்கும் வழி உண்டு. பூஜா ராய் தொடங்கிய அன்ட்ஹில் கிரியேஷன்ஸ் என்ற பெங்களூர் அமைப்பு, கழித்த ரயர்களைக் கொண்டு இந்தியா முழுவதும் விளையாட்டிடங்கள் அமைத்திருக்கிறது. ரயரில் துளையிட்டுத் தண்ணீர் தேங்காமல் செய்தால்தான் டெங்கு நுளம்பு வராது.

5. குழுவும் கணக்கும்

குழுவில் பாதிப்பேராவது விசேட தேவையுடைய பிள்ளைகளின் பெற்றோராக இருக்கட்டும். மீதியில் தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என்று அயலில் வாழும் எல்லோரும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு இன எல்லை கிடையாது. நிதிப் பட்டியலிலும் அது வேண்டாம்.

புதுச் சங்கம் பதிய நேரமில்லையென்றால் ஏற்கெனவே பதிவுள்ள கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது விளையாட்டுக் கழகத்தின் கீழ் உபகுழுவாக இயங்குங்கள். தனியான வங்கிக் கணக்கு, மூன்று கையொப்பக்காரர், அவர்களில் எவரேனும் இருவர் ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம். மூவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்க வேண்டாம். வீடு வீடாகவோ வீதியிலோ சேர்ப்பதற்கும், அதிர்ஷ்டச் சீட்டு விற்பதற்கும் முன் பிரதேச செயலகத்திலும் பொலிசிலும் கேட்டு அனுமதி பெறுங்கள்.

வரவு, செலவு, மீதி மூன்றையும் மாதந்தோறும் கோயில் வாசலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் வாசிகசாலையிலும் ஒட்டுங்கள். பத்து ரூபா கொடுத்த பிள்ளையின் பெயரும் அதில் இருக்கட்டும். பெயர் வேண்டாம் என்பவரை “அன்பர்” என்று எழுதுங்கள்.

6. எங்கே, எப்படிக் கேட்பது

ஊருக்குள். மாதம் 100 ரூபா தர 400 வீடுகள் சம்மதித்தால் ஆண்டுக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இதைக்கொண்டு திடல் முழுவதையும் கட்ட முடியாது. ஆனால் வெளியே கேட்கப் போகும்போது, “எங்கள் ஊரில் 400 வீடு கொடுக்கிறது” என்று சொல்லும் வலிமையை இது தரும். காசு தர முடியாதவர் ஒருநாள் சிரமதானம் தரட்டும். மேசன், தச்சன், வெல்டிங் வேலை தெரிந்தவர் அரைநாள் கூலியை விட்டுத்தரட்டும். அதையும் ரூபாவாக மதிப்பிட்டுக் கணக்கில் எழுதுங்கள்.

வயலும் வாவியும். பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் படுவான்கரையில் கையில் காசு புழங்கும். கோயிலுக்கு நெல் கொடுக்கும் பழக்கம் உள்ள ஊரில் திடலுக்கும் நெல்லாகவே கேளுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில், நல்ல பிடிபாடுள்ள ஒரு நாளின் பங்கைக் கேட்கலாம்.

வழிபாட்டிடங்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரிடம் சடங்கு தொடங்குமுன் பேசுங்கள். செலவுத் திட்டம் முடிந்த பிறகு போனால் பயனில்லை. வைகாசிக் கண்ணகி அம்மன் சடங்கிலும், மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் தீர்த்தத்திலும் கூடும் மக்களிடம் துண்டுப் பிரசுரத்தோடு ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம், ஸகாத் பெறுவோருக்கு மார்க்க வரையறை இருப்பதால், ஸதக்கா ஜாரியாவாக, நிலைத்து நன்மை தரும் தர்மமாகக் கேட்பது பொருத்தம். தேவாலயங்களில் தவக்காலக் காணிக்கையின் ஒரு பகுதியைக் கேட்கலாம்.

வியாபாரிகள். கடைக்காரரிடம் பணம் கேட்பதைவிடப் பொருள் கேளுங்கள். “ஹாஜியார், வாசல் சாய்தளத்துக்கு எவ்வளவு சீமெந்து வேண்டும் என்று இதில் எழுதியிருக்கு. அதை நீங்கள் தந்தால் உங்கட பேரைச் சொல்லித்தான் பிள்ளைகள் உள்ளே வருவாங்க” என்று மதிப்பீட்டைக் கையில் கொடுத்துக் கேட்டால், எதற்குத் தருகிறோம் என்று அவருக்குத் தெரியும். தந்த பொருள் கட்டப்பட்ட நாளில் அவரை அழைத்துக் காட்டுங்கள்.

பழைய மாணவர்கள். 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, வின்சன்ற் மகளிர் உயர்தரப் பாடசாலை, சிவானந்தா ஆகியவற்றில் படித்தவர்கள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். ஆடி, ஆவணி விடுமுறையில் ஊருக்கு வருபவரைக் காணிக்கே கூட்டிப்போங்கள். கோஃபண்ட்மீ போன்ற தளங்கள் இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே பணம் தருவதில்லை. அங்கே பதிவுள்ள சங்கம் ஒன்று திரட்டி உங்கள் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்புவது ஒழுங்கு.

நிறுவனங்கள். ரோட்டரியின் உலகளாவிய மானியத்துக்கு இங்குள்ள கழகமும் வெளிநாட்டுக் கழகமும் சேரவேண்டும். திட்டம் குறைந்தது 30,000 அமெரிக்க டொலர் பெறுமதியாக இருக்கவேண்டும். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு மானியம், அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் இரண்டும் உள்ளூர் அமைப்புகளின் விண்ணப்பத்தை ஏற்பவை. இத்தகைய மானியம் கட்டத் தரும். பராமரிக்கத் தராது என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

பெரிய தொகையும் ஒரு தாயின் கேள்வியில் தொடங்கலாம். அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில், மகளோடு போய் விளையாட ஏற்ற பூங்கா இல்லாததைக் கண்ட ஒலென்கா வில்லரியல் நகரசபையிடம் போனார். சபை காணி தந்தது. அவரும் தொண்டர்களும் பல ஆண்டு முயன்று ஏறக்குறைய 40 இலட்சம் டொலர் திரட்டினார்கள். 2015 இல் மேஜிக்கல் பிரிட்ஜ் என்ற திடல் திறந்தது. காணி சபையுடையது, காசு மக்களுடையது என்ற அந்த ஏற்பாடு நமக்கும் பொருந்தும்.

7. பிள்ளையின் படத்தை வைத்து இரக்கம் தேடாதீர்கள்

அழும் முகம், வளைந்த கால், கிழிந்த உடை ஆகியவற்றைப் போட்டால் பணம் விரைவில் வரலாம். அந்தப் பிள்ளை நாளை அதே ஊரில் பாடசாலைக்குப் போகவேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும் இல்லாமல் படம் வேண்டாம். வீட்டு முகவரியும் நோயின் பெயரும் எந்த நிலையிலும் வேண்டாம். பிள்ளை வரைந்த திடலின் படத்தைப் போடுங்கள். “சாதாரணப் பிள்ளைகளுக்கே இடமில்லை” என்பவருக்கு, சாய்தளத்தில் குழந்தை வண்டியும் வரும், தடியூன்றும் பாட்டியும் வருவார், எல்லாப் பிள்ளைகளும் இங்கேதான் விளையாடுவார்கள் என்று பதில் சொல்லுங்கள்.

8. ஓர் ஆண்டுக் காலக்கணக்கு

• டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம்: திட்டத்தை அறிவித்தல்.
• மார்கழி, தை: மழைக்காலம். வீட்டுச் சந்திப்பு, காணிக் கடிதம், மதிப்பீடு.
• மாசி, பங்குனி: நெல் சேர்ப்பு, மாதக் காசு தொடக்கம்.
• சித்திரை: புத்தாண்டு விளையாட்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளும் சேரும் போட்டிகள், நன்கொடை மேசை.
• வைகாசி முதல் ஆவணி வரை: தரை, பாதை, வேலி வேலை. விடுமுறைக்கு வருவோர் சந்திப்பு.
• புரட்டாசி: கருவிகள் பொருத்துதல். சக்கர நாற்காலிப் பிள்ளைகளை அழைத்துச் சோதித்துப் பார்த்துத் திருத்துதல்.
• ஒக்டோபர் 1, சிறுவர் தினம்: முதற்கட்டத் திறப்பு.

பணம் முழுவதும் சேரவில்லையென்றாலும் முதற்கட்டத்தைத் திறந்துவிடுங்கள். நல்ல தரை, நிழல், இரண்டு ஊஞ்சல், ஒரு மணல் மேசை போதும். பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தவர் அடுத்த கட்டத்துக்குக் கேட்காமலே தருவார்.

9. திறந்த பிறகு

சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். அதற்கு முன்பே காவலாளிக்கும் துப்புரவுக்கும் ஒரு தொகை சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வாரம் ஒருமுறை சங்கிலி, ஆணி, கைபிடி, தரை வெடிப்பு பார்க்க ஒருவரை நியமியுங்கள். அவர் பார்த்ததைக் கொப்பியில் எழுதவேண்டும். பழுதான ஊஞ்சலை அன்றே கழற்றுங்கள். மாரி முடிந்ததும் முழுத் திடலையும் ஒருமுறை சோதியுங்கள்.

இந்த அத்தியாயத்தை வாசித்து முடித்தவர் முதலில் செய்யவேண்டியது நிதிச் சீட்டு அடிப்பதில்லை. உங்கள் வட்டாரத்தில் வெளியே வராத ஒரு பிள்ளையின் வீட்டுக்கு இந்தக் கிழமையே போங்கள். தாயிடம் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு இன்னொரு வீடு. அந்தப் பட்டியலோடு கூட்டத்தைக் கூட்டுங்கள். முதல் நூறு ரூபாவை நீங்களே வைத்து, முதற் பற்றுச்சீட்டை உங்கள் பெயருக்கே எழுதுங்கள்.